பனிக்கு ஆண்டை கிடையாது

'நேச்சுரலிச'த்தைத் தமிழில் இயல்புவாதம் என்று சொல்லிப் பழகிவிட்டோம். தமிழ் எம்.ஏ. படித்தபோது நானும் அப்படித்தான் எழுதி மார்க் வாங்கினேன். இப்போது அந்தச் சொல்மீதே எனக்குச் சந்தேகம். எது இயல்பு? யாருக்கு இயல்பு?

மனிதனைத் தீர்மானிப்பவை பரம்பரையும் சூழலும். எழுத்தாளன் சோதனைச்சாலையில் நிற்பவனைப் போல அதைக் கவனிக்க வேண்டும் என்றார் எமிலி ஜோலா (1880). அமெரிக்காவில் ஸ்டீபன் கிரேன், ஜாக் லண்டன் போன்றவர்கள் இதைச் சிறுகதைக்குள் கொண்டுவந்தார்கள். நெருப்பு மூட்டுவது பற்றிய லண்டனின் புகழ்பெற்ற கதையில் (1908) யூகான் பனியில் தனியாக நடக்கிறவன் நெருப்பு மூட்டுகிறான். மரத்திலிருந்து சரிந்த பனி அதை அணைத்துவிடுகிறது. விறைத்துச் சாகிறான். 1902இல் வந்த முதல் வடிவத்தில் அவனுக்குப் பெயர் உண்டு, பிழைத்தும்விடுகிறான். பிந்தைய வடிவத்தில் பெயரும் இல்லை, உயிரும் மிஞ்சவில்லை.

உத்திரமேரூர்ப் பக்கத்துக் கிராமமொன்றில், வாசிப்புக் கூட்டத்தில் இந்தக் கதையைச் சொன்னேன். கல்குவாரியில் வேலை செய்கிற தோழர் ஒருவர் கடைசிவரை கேட்டுவிட்டுச் சொன்னார்: "கதை நல்லாத்தான் கீது தோழர். ஆனா பனிக்கு ஆண்டை கெடையாதே. எங்களுக்கு உண்டே."

பதில் சொல்ல வரவில்லை. லண்டன் சோசலிஸ்ட்தான். ஆனாலும் இந்தப் பிரதியில் குற்றம் முழுவதையும் இயற்கை ஏற்றுக்கொள்கிறது. யாரும் பொறுப்பாளி இல்லை.

அந்தக் கேள்வியோடு 'பொன்னகரம்' (மணிக்கொடி, 1934) கதையை மறுபடி வாசித்தேன். அடிபட்டுக் கிடக்கும் புருஷனின் பால்கஞ்சிக்காக அம்மாளு இருட்டுச் சந்துக்குப் போகிறாள். இதுவரை இயல்புவாதம்தான். ஆனால் புதுமைப்பித்தனின் கதைசொல்லி சும்மா இருப்பதில்லை, கடைசியில் வாசகனையே சண்டைக்கு இழுக்கிறான். வடிவ சுத்தம் பேசுகிறவர்கள் இதைக் குறை என்பார்கள். எனக்கு அந்த உடைப்புதான் கதையின் அரசியல். ஒன்று மட்டும் உறுத்துகிறது: அவன் கற்பு பேசுகிறவர்களோடு சண்டைபோடுகிறானே தவிர, அம்மாளு கூலிவேலை செய்கிற ஆலையோடு போடவில்லை.

சூழல் என்பது வானத்திலிருந்து விழுந்ததா? எங்கள் ஊரில் அது கல்லில் எழுதியிருக்கிறது. குடவோலை முறை என்று ஜனநாயகத்துக்குச் சான்றாகக் காட்டுகிறோமே, அந்தப் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் (919, 921) சபைக்கு வருகிறவனுக்கு இறை செலுத்தும் நிலம், சொந்த மனை, வேதப் பயிற்சி வேண்டும் என்கின்றன. நிலமில்லாதவன் வெளியே நின்றது இயல்பால் அல்ல, விதியால். தலைவிதி அல்ல, சபை போட்ட விதி.

பசியையும் அழுக்கையும் நுணுக்கமாக எழுதுவதை நான் மறுக்கவில்லை. அதைப் பனியைப் போல எழுதுவதைத்தான் மறுக்கிறேன். அடுத்த கூட்டத்தில் 'பொன்னகரம்' வாசிக்கப் போகிறோம். அம்மாளுவின் ஆண்டை எங்கே என்று அந்தத் தோழர் கட்டாயம் கேட்பார்.