நோட்டீஸ் காலமும் நொடித்த நிறுவனமும்

2023இல் ஆகாசா ஏரிலிருந்து 43 விமானிகள் நோட்டீஸ் காலத்தை முடிக்காமல் விலகினார்கள். நிறுவனம் நீதிமன்றத்துக்குப் போனது. பயணிகளை நட்டாற்றில் விட்டுவிட்டார்களே என்ற பேச்சு வலுத்தது. ஆகாசாவில் சம்பளப் பாக்கி இல்லை. அது வேறு கதை. ஆனால் அப்போது உரம் பெற்ற வாதம், நொடித்துக்கொண்டிருக்கும் நிறுவனங்களுக்கும் சேர்த்தே நீட்டப்படுகிறது: விமானி இருந்து ஓட்டுவதுதான் பொதுநலம், கிளம்புவது சுயநலம்.

இந்த வாதத்துக்கு விமானத் துறையின் ஒழுங்குமுறை அமைப்பான டிஜிசிஏவின் முத்திரையும் உண்டு. 2017 ஆகஸ்டில் கேப்டன்களின் நோட்டீஸ் காலம் ஆறு மாதத்திலிருந்து ஓராண்டானது. துணை விமானிகளுக்கு ஆறு மாதம். காரணம் இல்லாமல் இல்லை. ஒரு கேப்டனின் இடத்தை ஒரு வாரத்தில் நிரப்ப முடியாது. நான்கு பேர் சேர்ந்து போனால் நாலாயிரம் பேரின் பயணம் கெடும். கிளம்புகிறவருக்கும் இழப்புண்டு, புதிய இடத்தில் சீனியாரிட்டி பட்டியலின் அடியிலிருந்து தொடங்க வேண்டும். இதெல்லாம் சரி.

ஜெட் ஏர்வேஸின் நாட்காட்டியை எடுத்து வைத்தால் மீதி வாதம் நிற்காது. 2018 ஆகஸ்டில் சம்பளக் குறைப்புப் பேச்சு எழுந்தது. பிறகு சம்பளம் தவணையாயிற்று. 2019 ஜனவரி முதலான சம்பளம், நிறுவனம் நின்ற நாள்வரை விமானிகளுக்கு வரவே இல்லை. ஆகஸ்டிலேயே விழித்துக்கொண்டு ராஜினாமா கொடுத்த கேப்டனுக்கு நோட்டீஸ் எப்போது முடியும்? 2019 ஆகஸ்டில். ஜெட் ஏப்ரலிலேயே நின்றுவிட்டது. எல்லாரையும் முந்திக்கொண்டு கிளம்பியவர்கூட விதிப்படி நடந்தால் கடைசி நாள்வரை அங்கேதான் இருப்பார். நிறுவனமே ஒப்பந்தத்தை மீறினால் விமானி கட்டுப்பட வேண்டியதில்லை என்று வாதாட இடமுண்டு. ஆனால் வேறு நிறுவனத்தில் சேரத் தேவையான தடையில்லாச் சான்றைத் தரவேண்டியது அதே நிறுவனம்தான். வழக்குப் போட்டு வாங்குவதற்குள் வீட்டுக் கடனில் எத்தனை தவணை தாண்டியிருக்கும்!

சரி, இருந்து ஓட்டியதால் பயணிகளாவது பிழைத்தார்களா? என் நெடுநாள் ஆட்சேபம் இங்கேதான். மார்ச் 31க்குள் பாக்கி வராவிட்டால் ஏப்ரல் 1 முதல் ஓட்டமாட்டோம் என்றது விமானிகளின் சங்கமான நேஷனல் ஏவியேட்டர்ஸ் கில்டு. அது ஏப்ரல் 15க்குத் தள்ளிப்போயிற்று. 14ஆம் தேதி மறுபடி தள்ளினார்கள். ஸ்டேட் வங்கி 1,500 கோடி ரூபாயை விடுவிக்கட்டும், கடைசியாக ஒரு வாய்ப்புத் தருவோம் என்றார்கள். நிறுவனம் அவசரத்துக்குக் கேட்ட 400 கோடியைக்கூட வங்கிகள் தரவில்லை. 17ஆம் தேதி இரவு அமிர்தசரஸிலிருந்து மும்பைக்குக் கடைசி விமானம் கிளம்பியது.

இடைப்பட்ட வாரங்களில் என்ன நடந்தது? டிக்கெட் விற்றது. விமானம் பறக்கிறவரை கவுன்டரும் திறந்திருக்கும்; கோடை விடுமுறைக்கு முன்பணம் கட்டுகிற குடும்பத்துக்கு, ஓட்டுகிறவருக்குச் சம்பளம் வந்ததா என்று எப்படித் தெரியும்? விமானிகளின் பொறுமை நிர்வாகத்தின் நோயை மறைக்கும் போர்வையாயிற்று. ஏப்ரல் 1இலேயே நிறுத்தியிருந்தால் இரண்டு வார டிக்கெட் பணமாவது பயணிகளின் பையில் இருந்திருக்கும். பொதுநலத்தின் பெயரால் விமானியை இருத்திவைத்து, அந்தப் பொதுஜனத்திடமே வசூல் செய்வதற்குப் பெயர் பொதுநலமா?

சம்பளமில்லாமல் விமானி தந்த உழைப்பும் கடன்தான், வட்டியும் பத்திரமும் இல்லாத கடன். திவால் சட்டத்தின் 53ஆம் பிரிவில், நடவடிக்கைச் செலவு போக, பிணை பெற்றுக் கடன் கொடுத்தவர்களும் தொழிலாளர்களின் 24 மாதப் பாக்கியும் ஒரே படியில். மற்ற ஊழியர்களின் 12 மாதப் பாக்கி அதற்கடுத்த படியில். விமானி எந்தப் படியில் நிற்பவர் என்பதற்கே வழக்காட வேண்டியிருக்கிறது. அதற்குள் லைசென்ஸும் சும்மா இருப்பதில்லை. 90 நாளில் மூன்று டேக்-ஆஃப், மூன்று லேண்டிங் இல்லையென்றால் பயணிகளை ஏற்றி ஓட்ட முடியாது. சிமுலேட்டரில் மறுபடி உட்கார வேண்டும். ஜெட்டின் உள்நாட்டுச் சேவையில் பெரும்பாலும் போயிங் 737. அன்று இண்டிகோவும் கோ ஏரும் பெரும்பாலும் ஓட்டியது ஏர்பஸ் 320. ஒரு ரகத்தை ஓட்டுகிறவர் உடனே மற்றதில் ஏறி உட்கார முடியாது. ஆக, காத்திருந்த நூற்றுக்கணக்கானோர் ஒரே நாளில் ஸ்பைஸ்ஜெட் போன்ற இரண்டொரு வாசல்களில்தான் போய் நிற்க முடிந்தது. கூட்டம் கூடிய சந்தையில் சம்பளப் பேரம் யார் பக்கம் சாயும் என்பதை விளக்கத் தேவையில்லை.

2023 மே மாதம் கோ ஃபர்ஸ்ட் (பழைய கோ ஏர்) தானாகவே திவால் மனுப் போட்டு, பறப்பதையும் நிறுத்தியது. விமானிகள் கிளம்பத் தொடங்கியதும், இருக்கிற கேப்டனுக்கு மாதம் ஒரு லட்சம், துணை விமானிக்கு 50,000 ரூபாய் கூடுதலாகத் தருகிறோம், ராஜினாமாவைத் திரும்பப் பெறுங்கள் என்றது. அந்த நிறுவனம் மறுபடி பறக்கவேயில்லை. 2025 ஜனவரியில் கலைப்பு உத்தரவு வந்தது. சம்பளம் முதல் முறை தாமதமான அன்றே நோட்டீஸ் கொடுங்கள் என்றுதான் எந்த விமானிக்கும் சொல்வேன். நிறுவனம் தேறிவிட்டால் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம்; அதுவரை ஓடுகிற ஒவ்வொரு நாளும் அவர் கணக்கில் கழியட்டும்.