காய்ச்சல் வருஷமும் கரும்பலகையும்

முதியோர் கல்வி பற்றிப் பேசுவோர் ஒரு வாசகத்தை விடாது சொல்லி வருகின்றனர்: கற்போரின் சொந்தக் கதையிலிருந்து பாடத்தைத் தொடங்குக என்று. நல்ல வாசகந்தான். ஆயின் அது கையாளப்படும் முறையைக் காணும்போது நமக்கு ஐயம் எழுகின்றது. பெரும்பாலும் கதை, கசப்பு மருந்துக்கு முன் தரும் கற்கண்டாகவே இருக்கின்றது. பத்து நிமிடம் பேசவிட்டு, கூச்சம் தெளிந்ததும், ‘சரி, பாடத்துக்கு வருவோம்’ என்று ஆசிரியர் அரிச்சுவடியைத் திறக்கிறார். பேரன் பேத்தி எடுத்தவர் முன்னே அம்மாவும் ஆடும் இலையும் வந்து நிற்கின்றன!

பிரேசில் நாட்டுக் கல்வியாளர் பாவ்லோ பிரெய்ரே 1963-இல் அங்கிகோஸ் என்னும் சிற்றூரில் ஏறத்தாழ 300 உழைப்பாளருக்கு 40 மணி நேரத்தில் எழுத்தறிவிக்க முனைந்த வரலாறு நம் ஆசிரியர் பலரும் அறிந்ததே. அவர் முதலில் மக்களின் பேச்சைக் கேட்டார். அதிலிருந்தே பாடத்துக்குரிய சொற்களைப் பொறுக்கினார். செங்கல் என்பது அத்தகைய ஒரு சொல். எழுத்தறியாதவருக்கு அந்நாட்டில் அன்று வாக்குரிமை இல்லை என்பதை நினைத்தால், அடுத்த ஆண்டு ஆட்சியைக் கைப்பற்றிய இராணுவம் அவரை ஏன் சிறையிலிட்டது என்பது விளங்கும். நம் தோட்டங்களில் அத்தகைய சொல்லைத் தேடி அலைய வேண்டியதில்லை. ‘பேர்’ என்ற சொல் போதும். அது ஒருவரின் பெயர். அவருடைய நாட்கூலியும் அதுவே. ‘இன்னிக்கு அரைப் பேருதான்’ என்பவரிடம் ‘ஏன்?’ என்று கேட்டால் பால் நிறுத்த தராசும், மழையும், கணக்கப்பிள்ளையும், செக்ரோலும் வரிசையாக வந்துவிடும்.

வரக்காப்பொலையைச் சூழ்ந்த றப்பர்த் தோட்டமொன்றின் லயத்தில் நடந்த மாலை வகுப்பொன்றில் நாம் அமர்ந்திருந்தோம். உங்கள் குடும்பம் இங்கு எப்போது வந்தது என்று கேட்டபோது, பால் வெட்டி ஓய்ந்த ஒரு தாயார் சொன்னார்: “காய்ச்சல் வருஷத்துக்கு முந்தியே தாத்தா வந்துட்டாருங்க ஐயா. பிரஜாவுரிமை விசாரணையிலயும் அதைத்தான் சொன்னாராம். எழுத்துல காட்டுன்னுட்டாங்களாம்.”

காய்ச்சல் வருஷம் என்பது 1934-இன் இறுதியில் தொடங்கி 1935-இல் உச்சமடைந்த மலேரியாக் கொள்ளைநோய். ஏறத்தாழ 80,000 உயிர்களைக் கொண்டுபோன அந்நோய் கேகாலை மாவட்டத்தை மிகக் கொடிதாய்த் தாக்கிற்று. சூரியமல் இயக்கத்தார் மருந்தும் உணவும் சுமந்து வந்தது அப்போதுதான். அவருள் ஒருவரான என். எம். பெரேரா 1936-இல் இம்மாவட்டத்து றுவன்வெல்லைத் தொகுதியில் வென்றார்.

1949-ஆம் ஆண்டின் இந்திய பாகிஸ்தானியர் குடியுரிமைச் சட்டம் கேட்டதும் ஒரு வாழ்க்கைக் கதையைத்தான். 1946 ஜனவரி 1-க்கு முன், மணமானவர் 7 ஆண்டும் ஏனையோர் 10 ஆண்டும் இந்நாட்டில் தொடர்ந்து வாழ்ந்ததை நிறுவ வேண்டும். விண்ணப்பங்களில் அடங்கியோர் 8 இலட்சத்துக்கு மேற்பட்டோர். குடியுரிமை பெற்றோர் ஏறத்தாழ 1,34,000 பேர். 2003-ஆம் ஆண்டுச் சட்டம் வரை எஞ்சியோர் பட்ட பாட்டை நாம் இங்கு விரிக்கப் போவதில்லை.

இத்தகைய கதையைக் கேட்டதும் கண்கலங்கி, ‘எம் முன்னோர் எண்ணற்ற இன்னல் எய்தினர்’ என்று செந்தமிழில் எழுதிக் கொள்வது நம்மவர் வழக்கம். (முற்போக்கு எழுத்தாளரும் இதற்கு விலக்கல்லர், நாமும் எழுதியிருக்கிறோம்.) அவ்வாறு எழுதியதும் காய்ச்சல் வருஷம் மறைந்து போகிறது, அதனோடு சான்றும் போகிறது. சொன்னவர் தம் துயரத்தின் சொந்தக்காரராக மட்டும் மிஞ்சுகிறார். அவர் கூறியது ஒரு வாதம் என்பதை எவரும் கவனிப்பதில்லை.

அன்று வகுப்பு நடத்திய இளைஞர் அழவில்லை, அரிச்சுவடியையும் திறக்கவில்லை. மற்றவரிடமும் காய்ச்சல் வருஷத்தைப் பற்றிக் கேட்டார். ஒருவர் தம் பாட்டி சொன்ன கொயினா மருந்தின் கசப்பைச் சொன்னார். இன்னொருவர், பக்கத்துச் சிங்களக் கிராமத்து முதியவரும் அவ்வருஷத்தைச் சொல்லியே வயதைக் கணக்கிட்டார் என்றார். பிறகு இளைஞர் கரும்பலகையில் 1946 என்று எழுதி, கீழே 1935 என்று எழுதி, கழிக்கச் சொன்னார். விரல்விட்டு எண்ணி முடிக்க நேரம் சென்றது. விடை 11.

சட்டம் கேட்டது எத்தனை வருஷம் என்று அத்தாயார் வினவினார்.

“கலியாணம் ஆனவருக்கு ஏழு, அம்மா.”

அவர் பலகையைச் சற்று நேரம் பார்த்தார்.

“அப்ப தாத்தா சொன்னது சரியாத்தானுங்களே இருந்திருக்கு?”