சங்கராபரணிக் கரையில் ஒரு கிராவல் சைக்கிள்

கிராவல் சைக்கிள் வாங்கக் கடைக்குப் போகிறவர்கள் முதலில் கியரை எண்ணுகிறார்கள், பிறகு வண்டியைத் தூக்கி எடை பார்க்கிறார்கள். புதுச்சேரியில் ஓட்டப்போகிறவர் முதலில் குனிந்து டயரின் பக்கவாட்டில் மில்லிமீட்டரில் உள்ள அகல எண்ணைப் படிக்க வேண்டும். 38 என்றோ 40 என்றோ இருந்தால் மேற்கொண்டு பேசலாம். 32க்குக் கீழே இருந்தால், மற்ற எல்லாம் எவ்வளவு உசத்தியாக இருந்தாலும் நம் ஆற்றங்கரைகளுக்கு அந்த வண்டி ஆகாது. உப்பளத்திலிருந்து அரியாங்குப்பத்து ஆறு, சங்கராபரணிக் கரைகள் வரை வெயிலிலும் மழைக்குப் பிந்தைய ஈரத்திலும் ஓட்டிப் பார்த்துச் சொல்கிறேன்.

வளைந்த ரேஸ் ஹேண்டில்பார், அகலமான டயர், டிஸ்க் பிரேக், இரு சக்கரங்களுக்கும் இடையே சற்று நீண்ட சட்டகம். கிராவல் சைக்கிள் என்பது இவ்வளவுதான். அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் எம்போரியா என்ற சிற்றூரைச் சுற்றியுள்ள கப்பிச் சாலைகளில் 2006இல் தொடங்கிய 200 மைல் பந்தயம் இந்த வகைக்குப் பெரிய பெயர் வாங்கிக் கொடுத்தது. 2022இல் இத்தாலியில் இதற்கு முதல் உலக சாம்பியன் போட்டியே நடந்தது. ஆனால் இதன் வேர் பிரான்சில் இருக்கிறது. சேன்ட் எத்தியென் நகரத்தில் வாழ்ந்த பால் தெ விவி, 'வெலோசியோ' என்ற புனைபெயரில் பத்திரிகை நடத்தியவர். ஊர் சுற்றும் சைக்கிளுக்கு அகலமான டயரும் மாற்றக்கூடிய கியரும் வேண்டும் என்று ஆயுள் முழுக்க எழுதியும் மலையேறிக் காட்டியும் வாதாடினார். 1930இல் அவர் இறந்தபோதுகூட டூர் தெ பிரான்ஸ் பந்தயத்தில் செயின் தாண்டும் கியருக்கு அனுமதி இல்லை, 1937இல்தான் கிடைத்தது.

அகல டயர் நமக்கும் புதிதல்ல. 1949இல் தொடங்கப்பட்ட அம்பத்தூர் டி.ஐ. சைக்கிள்ஸ் ஆலையிலிருந்து வந்த, பால்காரரும் தபால்காரரும் ஓட்டிய ஹெர்குலஸ் வண்டிகளின் 28 அங்குல டயர் அகலம் ஏறத்தாழ 40 மில்லிமீட்டர். இன்றைய கிராவல் டயர் அதே அகலம்தான். வரப்பிலும் வண்டிப்பாதையிலும் அந்த வண்டிகள் ஓடியதற்கு அதுவே காரணம். எனவே புதிய வண்டி எதில் முந்துகிறது என்பதே உண்மையான கேள்வி. என் பதில்: எடையில், பிரேக்கில், எதிர்க்காற்றில்.

நான் ஓட்டிய வண்டியில் அலுமினியச் சட்டகம், முன்னே 40 பற்கள் கொண்ட ஒற்றைப் பல்சக்கரம், பின்னே 11இலிருந்து 42 பல் வரை பத்து கியர், 700 x 38 டயர், கம்பியால் இயங்கும் டிஸ்க் பிரேக். எடை சுமார் 12 கிலோ. கம்பெனிப் பெயரை இங்கே எழுதவில்லை; இந்த அளவுகளோடு பல கம்பெனிகள் விற்கின்றன, நான் சொல்வது எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

முதல் பாதை குறுகியது, முதல் முறை ஓட்டுபவருக்கு ஏற்றது. உப்பளம் மைதானத்திலிருந்து முதலியார்பேட்டை, முருங்கப்பாக்கம் வழியாகக் கடலூர் சாலையில் ஆற்றுப் பாலத்தைத் தாண்டி, அரியாங்குப்பத்தில் இடப்பக்கம் வீராம்பட்டினம் சாலையில் திரும்பினால் காக்காயந்தோப்பு. அங்கே ஆறு வளையும் இடத்தில் அரிக்கமேடு. 1945இல் மார்ட்டிமர் வீலர் தோண்டி, ரோம வணிகத்தின் மண்பாண்டங்களை அடையாளம் கண்ட இடம். மாவும் தென்னையும் பனையும் நிழல் விரிக்கும் தோப்பு. 18ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சு மிஷன் கட்டடத்தின் செங்கல் சுவர்கள் இன்னும் நிற்கின்றன. தோப்புக்குள் வண்டியைத் தள்ளிக்கொண்டு நடக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அந்த மண்ணில் இன்றைக்கும் மழை பெய்தால் ஓட்டுத் துண்டுகள் தலைகாட்டும். அதன்மேல் டயர் ஏறக் கூடாது.

தோப்பிலிருந்து வீராம்பட்டினம் கடற்கரைப் பக்கம் போகப் போக மண் மணலாக மாறும். இங்கேதான் காற்றழுத்தத்தின் அருமை தெரியும். தார்ச்சாலைக்கு வைத்த 50 பி.எஸ்.ஐ. அழுத்தத்தோடு மணலில் இறங்கினால் முன்சக்கரம் புதைந்து ஹேண்டில் தானாகத் திரும்பும். 30க்குக் குறைத்தால் டயர் பரந்து பிடிக்கிறது. எழுபது கிலோ ஆளுக்கு இது சரியாக இருக்கும். இன்னும் குறைத்தால் கல்லில் இடிக்கும்போது ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவே டியூப் கடிபடும். ஆற்றங்கரைத் தடத்துக்கு 35 முதல் 40 வரை போதும். உலர்ந்த மணல் ஆழமாக இருந்தால் எந்த அழுத்தமும் உதவாது, இறங்கி நடக்க வேண்டியதுதான்.

இரண்டாவது பாதைக்காகத்தான் இந்த வண்டியை வாங்கலாம் என்கிறேன். முருங்கப்பாக்கத்தில் மேற்கே திரும்பி, கொம்பாக்கம், ஒதியம்பட்டு வழியாகத் திருக்காஞ்சி. செஞ்சிப் பக்கத்து மலைகளில் பிறந்து வரும் சங்கராபரணி கங்கைவராக நதீஸ்வரர் கோயிலின் படித்துறையை ஒட்டிப் போகிறது. கோயிலைச் சுற்றியுள்ள கரைகளில் வண்டல் மண் தடம், பனை வரிசை, ஒரு பக்கம் ஆறு, மறுபக்கம் நெல்லும் கரும்பும். ஏற்றமே கிடையாது. ஒற்றை மாட்டுவண்டித் தடத்தில் நடுவில் புல் வளர்ந்திருக்கும். இரண்டு பக்கமும் கெட்டியான மண். அந்த ஒரு சாண் அகலக் கெட்டி மண்ணில் 38 டயர் சத்தமில்லாமல் உருளும்போது, இந்த வண்டியை வடிவமைத்தவர்கள் எதை நினைத்து வடிவமைத்தார்களோ அது கிடைத்துவிடுகிறது. பழைய ஹெர்குலஸ் போன்ற ரோட்ஸ்டரிலும் இங்கே ஓட்ட முடியும், ஆனால் இருபது கிலோ வண்டியைக் கரையின் சரிவில் ஏற்றி இறக்குவது வேறு வேலை.

மேலும் மேற்கே போகத் தெம்பிருப்பவர்கள் செல்லிப்பட்டு–பிள்ளையார்குப்பம் படுகை அணை வரை போகலாம். பிரெஞ்சுக்காரர் காலத்தில் கட்டிய அந்த அணை 2021 வெள்ளத்தில் உடைந்தது. இந்த ஆறு பார்ப்பதற்குச் சாது, நவம்பரில் அப்படி இருக்காது. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அப்படி ஒரு வெள்ளத்துக்குப் பிறகு கைபேசி வரைபடத்தில் உள்ள கரைத்தடம் நிலத்தில் இருக்கும் என்று நம்பக் கூடாது. ஓபன்ஸ்ட்ரீட்மேப் தரவில் இயங்கும் செயலிகளில் வண்டிப்பாதைகள்கூட வரைந்திருப்பதால் நான் அவற்றையே பயன்படுத்துகிறேன். இணையம் இல்லாமலும் வேலை செய்யும். ஆனாலும் கரையில் மாடு மேய்ப்பவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு ஏறுவது மேல்.

ஈர வண்டல் இந்த வண்டியின் பெரிய பகை. டயரோடு ஒட்டி, சட்டகத்துக்கும் டயருக்கும் இடையே உள்ள விரலளவு இடைவெளியை அடைத்துச் சக்கரத்தை நிறுத்திவிடும். மழை விட்டு மூன்று நாள் நல்ல வெயில் அடித்தால்தான் கரையில் இறங்கலாம். 45 டயர் கொள்ளும் சட்டகத்தில் 38 டயர் போட்டால் இந்தத் தொல்லை பாதி குறையும். கடையில் கேட்டு உறுதி செய்ய வேண்டிய இரண்டாவது எண் இதுதான்.

எதிர்க்காற்றைச் சொன்னேன். காலையில் மேற்கே போவது சுகம். பத்து மணிக்கு மேல் திரும்பினால் கடற்காற்று நேரே முகத்தில் அடிக்கும். வளைந்த ஹேண்டிலின் கீழ்ப்பிடியைப் பிடித்து உடம்பைத் தாழ்த்தினால் உழைப்பு வெகுவாகக் குறைகிறது. நேர் ஹேண்டில் வண்டியில் இந்த வசதி கிடையாது. கியரில் ஒரு குறை உண்டு. பெரிய மலைகளுக்காகப் பின்பல்சக்கரத்தை 42 வரை இழுத்திருப்பதால் நடுவில் உள்ள படிகள் அகன்றுவிட்டன. சமதளத்தில் காற்றை எதிர்க்கும்போது 15 பல்லில் கால் கனக்கிறது, 18க்குப் போனால் கால் வீணாகச் சுழல்கிறது. நம் ஊருக்கு 11–34 போதும்; கடைக்காரர் மாற்றித் தந்தால் வாங்குங்கள்.

பிறகு முள். சீமைக்கருவேலம் இல்லாத ஆற்றங்கரை இங்கே ஏது! அதன் முள் சாதாரண டயரை ஊசிபோலத் துளைக்கும். டியூப் இல்லாத டயரில் சீலன்ட் திரவம் ஊற்றி ஓட்டினால் சின்னத் துளைகள் தாமே அடைபடும். இந்தப் பகுதியில் ஓட்டுபவர்களுக்கு அந்தச் செலவு வீண்போகாது. டியூப் வைத்திருப்பவர்கள் மாற்று டியூபும் கைப்பம்பும் இல்லாமல் கிளம்பக் கூடாது. வால்வையும் பாருங்கள்: இந்த வண்டிகளில் வருவது மெல்லிய பிரெஸ்டா வால்வு. கிராமத்துப் பஞ்சர் கடையின் பம்பு அதில் பொருந்தாது. சில ரூபாய்க்கு ஒரு பித்தளை அடாப்டர் கிடைக்கும். அதை வால்விலேயே திருகி வைத்துவிடுங்கள்.

உப்பளம் கடலை ஒட்டிய பகுதி. உப்புக்காற்றில் செயின் சீக்கிரம் செம்பட்டை நிறம் காட்டும். கடற்கரைப் பக்கம் போய்வந்தால் அன்றைக்கே நல்ல தண்ணீரில் கழுவி, துடைத்து, எண்ணெய் விட வேண்டும். டிஸ்க் பிரேக்கில் மணல் புகுந்தால் கிறீச்சிடும், அதுவும் கழுவினால் சரியாகும். ஆனால் எண்ணெய் ஒரு சொட்டும் டிஸ்க்கில் படக் கூடாது. பட்டால் பிரேக் பிடிக்காது. பழைய ரிம் பிரேக்கைவிட ஈரத்தில் இது பல மடங்கு நம்பகமானது.

மணி இல்லாமலும் மட்கார்டு இல்லாமலும் இந்த வண்டிகளை விற்கிறார்கள். இரண்டையும் வாங்கி மாட்டுங்கள். கரைப்பாதை விவசாயிகளுடையது. புல்லுக்கட்டைத் தலையில் சுமந்து வரும் அம்மாவுக்கு, பின்னால் சத்தமில்லாமல் வரும் வண்டி தெரியாது. தூரத்திலேயே மணி அடித்து, அருகில் வந்ததும் இறங்கி வழிவிடுவதுதான் மரியாதை.

ஆரோவில் பக்கத்துச் செம்மண் தடங்களையும் பலர் பரிந்துரைப்பார்கள். காடு அருமைதான், ஆனால் உப்பளத்திலிருந்து நகரம் முழுவதையும் குறுக்கே கடந்து போக வேண்டும். ஆற்றங்கரை நமக்குப் பக்கம்.

நகரத்துக்குள் மட்டும் ஓட்டுபவர்களுக்கு இந்த வண்டி தேவையில்லை. அரை லட்சத்துக்கு மேல் கொடுத்து வாங்குவதைவிட நல்ல ரோட்ஸ்டர் ஒன்று போதும். வாரத்தில் ஒரு விடியற்காலையாவது முருங்கப்பாக்கத்தைத் தாண்டி ஆற்றைத் தேடிப் போகிறவர்கள் தயங்காமல் வாங்கலாம். ஜனவரி பாதியிலிருந்து மார்ச் முடிய மண் கெட்டியாகவும் காலைவேளை குளிர்ச்சியாகவும் இருக்கும். கரைகளில் ஓட்ட அதுவே நல்ல காலம்.