டியூபைக் கிள்ளும் விரல்கள்

சின்ன விமானம் தரையில் நிற்கிறது. ஒருவர் அதன் வாலைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். த்ராட்டில் முழுக்கத் திறந்திருக்கிறது. காதைக் கிழிக்கும் சத்தம். பெரியவர் ஒருவர் இறக்கைக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து, கார்புரேட்டருக்குப் போகும் சிலிக்கோன் டியூபை இரண்டு விரலால் ஒரு கணம் கிள்ளி விடுகிறார். சத்தம் அரைச் சுரம் மேலே ஏறிப் பழைய இடத்துக்கு இறங்குகிறது. தலையை ஆட்டிக்கொண்டு எழுந்துவிடுகிறார். மாடல் விமானம் பறக்கவிடும் இடங்களுக்கு நான் போவதே பாதி இந்தக் கிள்ளலைப் பார்க்கத்தான்.

டியூபைக் கிள்ளினால் எரிபொருள் ஒரு கணம் குறைகிறது. குறைந்ததும் வேகம் கூடினால், அதுவரை இன்ஜின் கொஞ்சம் மிச்சமாகவே குடித்துக்கொண்டிருந்தது என்று பொருள். கிள்ளிய உடனே சோர்ந்து விழுந்தால், ஏற்கெனவே பட்டினி. மணிக்கட்டில் நாடி பார்ப்பது போல இரண்டு விரலில் முடிந்துபோகும் சோதனை. மீட்டரும் வேண்டாம், ஸ்பேனரும் வேண்டாம்.

நான் சொல்வது ‘46’ என்று அழைக்கப்படும் அளவு இன்ஜினை. கொள்ளளவு சுமார் 7.5 சிசி, அரை மேசைக்கரண்டிதான். ஆனால் 11 அங்குல ப்ரொப்பெல்லரை நிமிடத்துக்கு 11,000 தடவைக்கு மேல் சுற்றிவிடும். குடிப்பது பெட்ரோல் இல்லை, மெத்தனால். அதோடு ஐந்தில் ஒரு பங்கு எண்ணெய். கொஞ்சம் நைட்ரோமீத்தேன் சேர்ப்பவர்களும் உண்டு, சேர்க்காமல் 80க்கு 20 என்று மெத்தனாலும் எண்ணெயுமாகவே ஓட்டுபவர்களும் உண்டு. அந்த எண்ணெய், பழைய ஆட்கள் விடாப்பிடியாக ஊற்றுவது, நம் விளக்கெண்ணெய்தான். சின்ன வயதில் பேதிக்குக் குடித்த எவருக்கும் மைதானத்தில் அந்தப் புகை வந்தால் வயிறு ஒரு தடவை புரளும். எனக்கோ இப்போது அது பிடித்த வாசனை.

இதில் ஸ்பார்க் கிடையாது. 1947இல் அமெரிக்காவில் ரே ஆர்டன் விற்பனைக்குக் கொண்டுவந்த கிளோ பிளக்தான் இன்றும். உள்ளே பிளாட்டினம் கலந்த ஒரு குட்டிக் கம்பிச் சுருள். ஒன்றரை வோல்ட் பேட்டரியால் அதைச் சிவக்க வைத்து இன்ஜினைக் கிளப்பியதும் பேட்டரியைக் கழற்றிவிடுவார்கள். அப்புறம் முந்தின சுற்றின் சூடும், மெத்தனால் பிளாட்டினத்தில் படும்போது நடக்கும் வினையும் சேர்ந்து அந்தக் கம்பியை அணையாமல் காக்கும். எந்த நொடியில் தீப்பிடிக்க வேண்டும் என்று சொல்ல இங்கே எந்தக் கருவியும் இல்லை. கலவை எவ்வளவு கெட்டி, சிலிண்டர் தலை எவ்வளவு சூடு என்பதைப் பொறுத்துத் தீ தானே முந்தும், பிந்தும். ஆகவே கார்புரேட்டரில் எரிபொருளை அளந்துவிடும் நீடிலைத் திருப்புகிறவர் எரிபொருளை மட்டும் திருப்பவில்லை, டைமிங்கையும் சேர்த்தே திருப்புகிறார். இவ்வளவு சின்னத் திருகாணியில் இவ்வளவு பெரிய பொறுப்பை ஒளித்து வைத்தவன் குறும்புக்காரன்.

நீடிலில் பல்பல்லாக வெட்டியிருக்கும். திருப்பினால் டிக், டிக் என்று விழும். முதலில் தாராளமாகத் திறந்திருக்கும்போது இன்ஜின் கரகரவென்று, தொண்டையில் சளி கட்டியவன் பேசுவது போல ஓடும். ஒரு சுற்றில் கலவை பற்றாமல் போய், அடுத்த சுற்றில் பற்றுகிற சத்தம் அது. ஒவ்வொரு டிக்காக மூடிக்கொண்டே வந்தால் ஓர் இடத்தில் கரகரப்பு விட்டு, சட்டென்று ஒரே இழையாக ரீங்காரம் பிடிக்கும். அந்த மாற்றத்தை முதல் தடவை கேட்டவன் அதற்கப்புறம் இந்தப் பைத்தியத்திலிருந்து மீள்வதில்லை. இன்னும் மூடினால் உச்சம். புதிதாக வந்தவன் அங்கேயே நிறுத்திவிட்டுச் சிரிப்பான். தெரிந்தவர் இரண்டு மூன்று டிக் பின்னுக்கு வந்து, 200, 300 சுற்றை விட்டுக்கொடுத்து வைப்பார். மேலே போனதும் காற்று ப்ரொப்பெல்லரின் பாரத்தைக் குறைக்கும், சுற்று கூடும். டேங்க்கில் மட்டம் இறங்க இறங்கக் கலவை வறளும். அவர் தரையில் குந்தி உட்கார்ந்து, எட்டு நிமிடத்துக்கு அப்புறம் ஆகாயத்தில் வரப்போகிற நிலைமைக்குத் திருகுகிறார்.

த்ராட்டில் பக்கம் இன்னும் நுணுக்கம். ஸ்லோவில் ஓடும் இன்ஜினைத் திடீரென்று திறக்கும்போது செத்தால், எப்படிச் சாகிறது என்று கேட்க வேண்டும். கொப்பளித்து, புகை கக்கி, அடைத்துக்கொண்டு செத்தால் ஸ்லோவில் எரிபொருள் அதிகம். முனகல்கூட இல்லாமல் விளக்கை அணைத்தது போல நின்றால் குறைவு. இரண்டு மரணத்துக்கும் மருந்து ஒரே சின்னத் திருகில். அதிலும் ஒரு வேடிக்கை: இரண்டாவது நீடில் உள்ள கார்புரேட்டரில் வலப்பக்கம் திருகினால் எரிபொருள் குறையும், காற்றுத் துளை வைத்த பழைய மாதிரியில் அதே வலப்பக்கத் திருகு காற்றை அடைத்து எரிபொருளைக் கூட்டும். எது எது என்று பார்க்காமல் திருப்புளியை எடுத்தவன் சாயங்காலம் வரை திருகிக்கொண்டிருப்பான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு கல்லூரிப் பையன் அப்படித்தான் திருகிக்கொண்டிருந்தான். மேலே போன மூன்றாவது, நான்காவது நிமிடம், ஏற்றத்தில் இன்ஜின் நின்றுவிடுகிறது. இறக்கிக் கிளப்பினால் ஒழுங்காக ஓடுகிறது. பிளக் மாற்றியாயிற்று. டியூபில் ஊசித்துளை இருந்தால் காற்றை உறிஞ்சுமே என்று, பஞ்சர் கடையில் செய்கிற மாதிரி, ஒரு முனையை அடைத்து மறுமுனையில் ஊதித் தண்ணீரில் முக்கியும் பார்த்தாயிற்று. ஒரு குமிழி இல்லை.

“மூக்கைத் தூக்கிப் பார்த்தியா, தம்பி?” என்றார் பெரியவர்.

“பார்த்தேன் சார். முழு த்ராட்டில்ல நட்டுக்க நிறுத்தினேன். நல்லாத்தான் ஓடுது.”

“டேங்க் ஃபுல்லா வச்சுப் பார்த்தியா?”

பையன் விழித்தான்.

“பாதி வடிச்சிட்டுப் பாரு.”

வடித்தான். மறுபடி கிளப்பி, விமானத்தைக் குழந்தையைத் தூக்கி நிறுத்துவது போல நிறுத்தினான். ஐந்தாறு நொடி ஓடி நின்றது.

பெரியவர் நீடிலைத் தொடவே இல்லை. விமானத்தை வாங்கிக் காதருகே வைத்து, மூக்கையும் வாலையும் மாற்றி மாற்றிச் சாய்த்தார். டேங்க்குக்குள் வளைந்து கொடுக்கும் ஒரு டியூபின் நுனியில் பித்தளைக் குண்டு ஒன்று தொங்கும், கிளங்க் என்பார்கள். விமானம் எந்தப் பக்கம் புரண்டாலும் எரிபொருள் ஓடுகிற பக்கம் அதுவும் ஓடி விழுந்து உறிஞ்சும். சாய்த்தால் அது டேங்க் சுவரில் விழுகிற சத்தம் கேட்க வேண்டும். கேட்கவில்லை.

“போன வாரம் மூக்கு குத்தி இறக்கினியோ?”

“லேசா, சார்.”

அந்த லேசான குத்தலில் குண்டு முன்பக்கமாகப் பாய்ந்து, டியூப் மடங்கி அங்கேயே சிக்கிக்கொண்டிருந்தது. டேங்க் நிறைந்திருக்கும்வரை முன்பக்கமும் எரிபொருள்தான், குறையே தெரியாது. பாதியானதும், மூக்கு நிமிர்ந்தால் எல்லாம் வால்பக்கம் ஓடிவிடும். குண்டு காற்றைக் குடிக்கும். பையன் ஒரு வாரமாக நீடிலைப் பழிசொல்லிக்கொண்டிருந்தான்.

டேங்க்கைக் கழற்றி, டியூபை மாற்றி, பஞ்சு சுற்றித் திரும்பச் சொருக முக்கால் மணி நேரம் ஆயிற்று. இறக்கையை ரப்பர் பேண்டால் கட்டுவதற்கு முன், பெரியவர் விமானத்தைப் பையன் காதில் வைத்து மெல்ல வாலைத் தாழ்த்தினார்.

டொக்.