1200 பிரதியிலிருந்து 50 பிரதிக்கு

தமிழில் முதல் பதிப்பு என்றால் 1200 பிரதி என்பது நெடுநாள் வழக்கம். ஆஃப்செட்டில் பிளேட் போட்டு ஓட்டும்போது அதற்குக் கீழே இறங்கினால் அடக்கவிலை கட்டாது. அரசு நூலகங்களுக்கு வாங்கும் நூலக ஆணை கிடைத்தால் பதிப்பாளர் தப்பிப்பார். கிடைக்காத ஆண்டில் புத்தகங்கள் கிடங்கில் கட்டுக் கட்டாகத் தேங்கும். தேவைக்கேற்ப அச்சிடும் பிஓடி முறை வந்தபின் இந்தக் கணக்கே மாறிவிட்டது. 50 பிரதி போட்டால் போதும், தீர்ந்தால் மறுபடி அடித்துக்கொள்ளலாம். பல ஆண்டுகள் கிடைக்காமலிருந்த பழைய நாவல்கள் மீண்டும் கடைக்கு வந்ததும் இதனால்தான்.

ஆனால் 1200 பிரதியில் பணம் முடங்கியிருந்த பதிப்பாளருக்கு அதை விற்றே ஆகவேண்டிய நெருக்கடி இருந்தது. 50 பிரதிக்காரருக்கு அது இல்லை. அந்தச் செலவையும் பல இடங்களில் எழுத்தாளரே கொடுக்கிறார்; முதல் கவிதைத் தொகுப்பு என்றால் கேட்கவே வேண்டாம். ராயல்டிக்குப் பதில் சில பிரதிகள் கைக்கு வரும். முகநூலில் அறிவிப்பது, வெளியீட்டு விழாவுக்கு ஆள் சேர்ப்பது, கூரியரில் அனுப்புவது எல்லாம் அவர் பாடு.

வாசகர் வட்டம் உள்ளவர்களின் நிலை வேறு. எஸ். ராமகிருஷ்ணனுக்குத் தேசாந்திரி பதிப்பகம், ஜெயமோகனுக்கு விஷ்ணுபுரம் பதிப்பகம் என்று சொந்த ஏற்பாடு அமைந்துவிட்டது. 2014 முதல் 2020 வரை ஜெயமோகன் தன் தளத்தில் நாள்தோறும் எழுதிய ‘வெண்முரசு’ 26 நாவல்களாக விரிந்தது. வாசகரைத் திரட்ட அவருக்கு வாரப் பத்திரிகை தேவைப்படவில்லை.

விற்பனையில் பெரிய மாற்றம் நடந்த இடத்தை இலக்கியப் பத்திரிகைகள் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. 2016 இறுதியில் கிண்டில் மின்னூல் தமிழுக்கு வந்தது. அச்சு நூலுக்கு வழக்கமான ராயல்டி பத்து விழுக்காடு. கிண்டிலில் 35 அல்லது 70. சந்தா கட்டிப் படிப்பவர் புரட்டும் பக்கங்களுக்கும் பணம் உண்டு. இதை முதலில் பிடித்துக்கொண்டவர்கள் குடும்ப நாவல் எழுதும் பெண்கள். இணையத்தில் அத்தியாயம் அத்தியாயமாகப் போட்டு, வாசகியரின் கருத்தைக் கேட்டு, முடிந்ததும் மின்னூலாக்குகிறார்கள். மாத நாவல்களின் வாசகர்கள் எங்கே போனார்கள் என்று கவலைப்படுபவர்களுக்கு விடை இங்கே இருக்கிறது. திருட்டு பிடிஎஃப் டெலிகிராமில் சுற்றுவதால் அதிகம் இழப்பவர்களும் இவர்களே.

இந்த மாற்றங்களால் வாசகருக்கு லாபமா? ‘பொன்னியின் செல்வ’னைப் பாருங்கள். அரசுடைமையாக்கப்பட்ட நூல், யாரும் அச்சிடலாம். 2022, 2023 ஆண்டுகளில் படம் இரண்டு பாகமாக வந்தபோது சென்னைப் புத்தகக் காட்சியில் திரும்பிய பக்கமெல்லாம் ஐந்து பாகக் கட்டு. நல்ல தாளில் ஒன்று, மலிவாக ஒன்று, சுருக்கியது ஒன்று, பிழை மலிந்தது ஒன்று. ராயல்டி தரவேண்டியதில்லை என்பதால் விலையில் அதோடு மோதும் வலு புதிய நாவலாசிரியருக்கு இல்லை.

இவ்வளவு மாற்றத்திலும் மாறாமல் கிடப்பது எடிட்டர் இல்லாத நிலை. 1974இல் க்ரியா பதிப்பகத்தைத் தொடங்கிய ராமகிருஷ்ணன் (மேலே சொன்ன எழுத்தாளர் அல்ல, இவர் வேறு) நூலாசிரியரோடு வரி வரியாக உட்கார்ந்து பிரதியைச் செப்பனிடுவார். 1992இல் வந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி அந்தப் பொறுமைக்குச் சான்று. 2020இல் அவர் மறைந்தார். அப்படி வேலை செய்யும் பதிப்பகங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். கோப்பைக் கொடுத்த சில நாட்களில் புத்தகம் கையில் கிடைக்கும் வேகத்தில், மெய்ப்புப் பார்ப்பதே ஆடம்பரமாகிவிட்டது. ஒற்றுப்பிழையைச் சகித்துக்கொள்ளலாம், ஆனால் நூறு பக்கம் கூடுதலாக இருக்கும் நாவலுக்கும் வாசகர்தான் காசு கொடுக்கிறார்.

அடுத்த முறை புத்தகம் வாங்கும்போது பதிப்பு விவரப் பக்கத்தைப் புரட்டுங்கள். செம்மையாக்கியவர் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் பதிப்பாளரிடமே கேளுங்கள். புத்தகக் காட்சியில் பில் போட்டுக்கொண்டிருப்பவர் பெரும்பாலும் அவர்தான்.