வெட்டியது எங்கே போகிறது?

எங்கள் வீட்டுக் கல்யாண வீடியோவின் கடைசிப் பதினோரு நிமிடங்களை அழித்தவன் நான்தான். அழித்தது, மைத்துனர் சிங்கப்பூரிலிருந்து வாங்கி வந்த டிவிடி ரெக்கார்டரில். பூஞ்சை பிடித்துக்கொண்டிருந்த விஎச்எஸ் கேசட்டை ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓடவிட்டு வட்டுக்கு மாற்றினேன். கேசட்டைத் தூக்கிப் போட்டாயிற்று. சில மாதம் கழித்து, வட்டில் மிச்சமிருந்த இடத்தில் அக்கா மகளின் அரங்கேற்றத்தையும் சேர்த்துவிடலாம் என்று தோன்றியது. முந்தைய நாள் இரவு கல்யாணப் படத்தைப் பார்த்தவர்கள் பாதிப் பந்தியில் நிறுத்திவிட்டுப் படுக்கப் போயிருந்தார்கள். நான் கேமராவை மாட்டி, ரெக்கார்டு பொத்தானை அழுத்தினேன். நிறுத்திய இடத்திலிருந்தே பதியத் தொடங்கிவிட்டது கருவி. பாட்டி சாப்பிட்டு முடித்து இலையை மடிப்பதற்குள் சலங்கைச் சத்தம் வந்துவிடுகிறது.

கையேட்டைப் பிறகுதான் படித்தேன். அந்தப் பொத்தானை இரண்டு நொடி அழுத்திப் பிடித்தால், இருக்கிற பதிவுகளுக்கெல்லாம் பின்னால் போய்ச் சேர்க்குமாம். சும்மா தட்டினால், நிற்கிற இடத்திலேயே எழுதுமாம். என் அவசரத்தைப் பற்றிய பேச்சு வீட்டில் இன்னும் ஓயவில்லை. ஆனால் குற்றம் முழுக்க என்னுடையதல்ல என்பது என் கட்சி. அழிக்கிற வேலை ஒரு தட்டில் நடக்கிறது, காப்பாற்றுகிற வேலைக்கு இரண்டு நொடி பொறுக்க வேண்டியிருக்கிறது. இது தலைகீழ் ஏற்பாடு. அந்தத் தலைகீழ் எப்படி வந்தது என்று பார்த்தால், வீட்டு டிவிடி ரெக்கார்டரில் வெட்டுவது, ஒட்டுவது, சேர்ப்பது என்ற மொத்த விவகாரத்தின் பலமும் பலவீனமும் பிடிபட்டுவிடும்.

இந்தக் கருவிகளின் காலம் குறுகியது. 1999 இறுதியில் ஜப்பானில் பயனியர் நிறுவனம் விற்பனைக்கு விட்ட டிவிஆர்-1000தான் முதல் வீட்டு டிவிடி ரெக்கார்டர். அது ஏற்றுக்கொண்டது டிவிடி-ஆர்டபிள்யூ வட்டு. அடுத்த ஆண்டு பானசோனிக் டிவிடி-ராம் வட்டோடு வந்தது. 2001இல் பிலிப்ஸ் டிவிடி+ஆர்டபிள்யூ வட்டோடு வந்தது. மூன்றும் ஒரு பக்கத்துக்கு 4.7 ஜிபி கொள்ளும், மூன்றும் பார்க்க ஒன்றுபோலவே மின்னும். கடைக்காரர் ‘மைனஸா, பிளஸ்ஸா’ என்று கேட்டபோது விழித்தவர்களில் நானும் ஒருவன். அந்தக் கழித்தல் குறிக்கும் கூட்டல் குறிக்கும் பின்னால் இருந்தது, பதிவு என்றால் என்ன என்பது பற்றிய இரண்டு வேறு எண்ணங்கள்.

பிளஸ் முகாம் வட்டை ஒரு நாடாவாகப் பார்த்தது. விஎச்எஸ் பழகிய கை எப்படி நடந்துகொள்ளுமோ அப்படியே வட்டும் நடந்துகொள்ள வேண்டும் என்று நினைத்தது. நின்ற இடத்தில் எழுது, மேலே எழுது, வேறு பிளேயரில் போட்டால் அதுவும் ஓடட்டும். நல்ல நோக்கம்தான். ஆனால் நாடாவின் நல்ல குணத்தோடு அதன் கெட்ட குணமும் கூடவே வந்தது. சேர்ப்பதும் அழிப்பதும் ஒரே செயலாகிவிட்டன. எங்கள் பாட்டியின் இலை அதற்குப் பலி.

இன்னொரு எண்ணம் ஜப்பானிய நிறுவனங்கள் வளர்த்த ‘விஆர்’ முறை. டிவிடி-ராம் வட்டிலும், சில நிபந்தனைகளோடு டிவிடி-ஆர்டபிள்யூ வட்டிலும் இது நடக்கும். இதில் பதிவானது ‘ஒரிஜினல்’ என்ற பெயரில் அப்படியே கிடக்கும். நாம் செய்கிற வெட்டும் ஒட்டும் ‘ப்ளேலிஸ்ட்’ என்ற தனிப் பட்டியலில் போய் உட்காரும். இந்த நொடியிலிருந்து அந்த நொடி வரை காட்டு, பிறகு அங்கே தாவு, மூன்றாவது பதிவிலிருந்து ஒரு துண்டை எடுத்து நடுவில் வை என்று சொல்லும் வெறும் குறிப்பு அது. பட்டியலை அழித்தாலும் மூலம் போகாது. ஒரே மூலத்துக்கு மூன்று பட்டியல் போடலாம்: முழுக் கல்யாணம் ஒன்று, தாலி கட்டுவது மட்டும் ஒன்று, மாப்பிள்ளை வீட்டாருக்கு அவர்கள் முகம் தெரிகிற பகுதிகள் ஒன்று. ஏடுகளைப் பார்த்துப் பதிப்பித்தவர்களுக்கு இது புரியும். சுவடியைக் கீறாமல் பதிப்பில் திருத்துவது ஒரு முறை. சுவடியிலேயே சொந்தச் சரக்கைச் செருகி, எது மூலம் எது இடைச்செருகல் என்று பின்வருபவர்களைத் தவிக்கவிடுவது இன்னொரு முறை.

வெட்டின் துல்லியத்திலும் விஆர் முறையே மேல். டிவிடி சேமிப்பது எம்பெக்-2 முறையில். நம் பகுதியின் தொலைக்காட்சி முறையில் நொடிக்கு 25 படம். அத்தனையும் முழுப் படமாகச் சேமிக்கப்படுவதில்லை. ஒரு முழுப் படம், அதற்குப் பின் ‘முந்தியதிலிருந்து இது மட்டும் மாறியிருக்கிறது’ என்று சொல்லும் சின்னச் சின்னக் குறிப்புகள், ஏறக்குறைய அரை நொடிக்குப் பிறகு மறுபடி ஒரு முழுப் படம். சாதாரண பிளேயரில் ஓடும்படி ‘வீடியோ’ முறையில் பதிந்த வட்டில் கத்தி வைக்கப் போனால், இந்தக் கொத்தின் எல்லையில்தான் வைக்க முடியும். விளம்பரத்தை நீக்கிவிட்டோம் என்று நிமிர்ந்தால், சோப்பு நுரையின் கடைசி அரை நொடி திரையில் பளிச்சென்று வந்து போகும். அல்லது கதாநாயகி பேசத் தொடங்கும் முதல் எழுத்து காணாமல் போகும். ப்ளேலிஸ்ட் எந்தப் படத்திலும் தொடங்கும், எந்தப் படத்திலும் முடியும். தாவுகிற இடத்தில் திரை ஒரு கணம் உறைந்து நிற்கலாம். அரை நொடி சோப்பு நுரைக்கு அது பரவாயில்லை.

சேர்ப்பதிலும் இதே கதைதான். வீடியோ முறை வட்டில் இன்று பதிவது ஒரு தலைப்பு, நாளை பதிவது இன்னொரு தலைப்பு. இரண்டும் ஒரே நிகழ்ச்சியின் இரு பாகமாக இருந்தாலும் இடையில் ஒரு தையல் தெரியும். அழிப்பதில் இன்னும் மோசம். ஒருமுறை மட்டும் எழுதும் டிவிடி-ஆர் வட்டில் ஒரு தலைப்பை ‘அழித்தால்’ அது மெனுவிலிருந்து மறையுமே தவிர, இடம் திரும்பி வராது. டிவிடி-ஆர்டபிள்யூவிலும் வீடியோ முறையில் பதிந்திருந்தால், கடைசித் தலைப்பை அழித்தால்தான் இடம் கிடைக்கும். கருவி தானே ஐந்து நிமிடத்துக்கு ஒன்று, பத்து நிமிடத்துக்கு ஒன்று என்று போடும் சாப்டர் குறிகள் காட்சியைப் பார்த்துப் போட்டவை அல்ல, கடிகாரத்தைப் பார்த்துப் போட்டவை. ரிமோட்டில் ஒவ்வொரு எழுத்தாகத் தேடி, அதுவும் ஆங்கிலத்தில், தலைப்புக்குப் பெயர் எழுதுவதைப் பற்றிப் பேசாமலிருப்பதே நல்லது.

இவ்வளவு நல்ல விஆர் முறை பிறகு ஏன் தோற்றது? பக்கத்து வீட்டு பிளேயரில் அது ஓடாது. காரணம் அவ்வளவுதான். வட்டில் ஒன்றைப் பதிந்து, வெட்டி, அழகாக அடுக்கியவருக்கு அடுத்து வரும் ஆசை அதை இன்னொருவருக்குக் கொடுப்பது. அத்தைக்கு ஒன்று, வெளிநாட்டிலிருக்கும் தம்பிக்கு ஒன்று. அந்த ஆசைக்கு விஆர் முறை குறுக்கே நின்றது. வீடியோ முறையோ, ‘ஃபைனலைஸ்’ செய்தால், அதாவது பதிவை முடித்து வட்டை மூடினால், ஏறக்குறைய எங்கும் ஓடும். ஆனால் டிவிடி-ஆரை ஃபைனலைஸ் செய்த பிறகு ஒரு நொடியைக்கூடச் சேர்க்க முடியாது. திருத்தக்கூடியதாக வைத்திருந்தால் கொடுக்க முடியாது, கொடுத்துவிட்டால் திருத்த முடியாது. ஜப்பானில் 2004 முதல் டிஜிட்டல் ஒளிபரப்பை ஒரே ஒரு முறைதான் பதியலாம் என்ற கட்டுப்பாடு வந்தபோது, அந்தப் பதிவுகளை வட்டில் ஏற்ற விஆர் முறைதான் கட்டாயம். அங்கே அது தொடர்ந்ததற்கு அந்தச் சட்டாம்பிள்ளைத்தனமும் ஒரு காரணம்.

ஹார்ட் டிஸ்க்கோடு வந்த ரெக்கார்டர்கள் இந்த முட்டுக்கட்டையைப் பாதி நீக்கின. முதலில் உள்ளே பதிந்துகொள், நிதானமாக வெட்டு, கடைசியில் வட்டுக்கு மாற்று. இந்த வகைக் கருவியில் டோஷிபாவின் ஆர்டி வரிசையை ஜப்பானில் ஒரு கூட்டமே கொண்டாடியது, காரணம் அதன் எடிட்டிங் வசதி. கணினி தெரியாத ஒருவர் சோபாவில் உட்கார்ந்தபடி ரிமோட்டை மட்டும் வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரப் பதிவைச் சீர்படுத்த முடிந்தது என்பது சிறிய சாதனை அல்ல. இன்றைய போன் செயலிகளில் பாதியிடம் அந்த எளிமை இல்லை. ஆனால் இங்கும் ஒரு விலை இருந்தது. பல கருவிகளில், துல்லியமாக வெட்டிய ப்ளேலிஸ்ட்டைச் சாதாரண பிளேயரில் ஓடும் வட்டாக மாற்ற, முழுவதையும் மறுபடி ஓடவிட்டு மறுபடி சுருக்க வேண்டியிருந்தது. இரண்டு மணி நேரப் படத்துக்கு இரண்டு மணி நேரம். நேரம் போவது ஒரு பக்கம், ஒருமுறை சுருக்கியதை இன்னொருமுறை சுருக்கும்போது படத்தின் தெளிவும் கொஞ்சம் கழிகிறது. ஆறு மணி நேரத்தை ஒரே வட்டில் திணிக்கும் முறையில் ஏற்கெனவே பதிந்திருந்தால், மூக்கும் கன்னமும் கட்டம் கட்டமாகப் பிரிந்து தெரியும்.

கருவியின் குறைகளைச் சொல்லிவிட்டேன். நம் குறையும் ஒன்று உண்டு. எதை வெட்டுவது என்பதில் நமக்கு இருந்த உறுதி வியப்பானது. விளம்பரம் குப்பை, செய்தி வாசிப்பவர் தொடக்கத்தில் சொல்லும் தேதி குப்பை, கேமராக்காரர் தவறுதலாகத் தரையைப் படம்பிடித்த நொடிகள் குப்பை. அமெரிக்காவின் பிலடெல்பியாவில் மரியன் ஸ்டோக்ஸ் என்ற பெண்மணி 1979இலிருந்து 2012இல் தான் இறக்கும் வரை, பல தொலைக்காட்சிப் பெட்டிகளை வைத்துக்கொண்டு இரவு பகலாகச் செய்தி அலைவரிசைகளைப் பதிந்துவந்தார். ஏறத்தாழ 70,000 கேசட்டுகள். அவர் எதையும் வெட்டவில்லை. விளம்பரமும் இடைவெளியும் தடங்கல் அறிவிப்பும் அப்படியே இருக்கின்றன. அந்தத் தொகுப்பு பிறகு இன்டர்நெட் ஆர்க்கைவ் கைக்குப் போனது, அதன் மதிப்பில் பெரும்பங்கு அந்த வெட்டாமையில்தான் இருக்கிறது. அவர் கையில் யாராவது ஒரு டிவிடி ரெக்கார்டரைக் கொடுத்து, விளம்பரத்தை நீக்க எவ்வளவு சுலபம் பாருங்கள் என்று காட்டியிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று யோசித்துப் பார்க்கிறேன்.

எங்கள் கல்யாண வட்டில் நான் வேண்டுமென்றே வெட்டிய பகுதி ஒன்று உண்டு. சமையல்கட்டுப் பக்கம் கேமரா திரும்பி, யாரும் இல்லாத பெரிய அண்டாக்களை ஒரு நிமிடம் காட்டிக்கொண்டிருந்தது. வேண்டாத காட்சி என்று நீக்கினேன். அந்த மண்டபத்தை இடித்து இப்போது ஆறு வருடம் ஆகிறது.

எனவே என் தீர்ப்பு இது. வீட்டு டிவிடி ரெக்கார்டரில் எடிட்டிங் என்ற வசதி பட்டியல் அளவில் உயர்ந்தது, வட்டு அளவில் ஆபத்தானது. ப்ளேலிஸ்ட் இருக்கிற கருவியில் எத்தனை வேண்டுமானாலும் வெட்டலாம். ‘அழி’ என்ற வார்த்தையோடு வரும் மெனு எதையும், நகல் ஒன்று எடுத்து வைக்காமல் தொடக் கூடாது.

இந்தக் கருவிகளை இன்று வாங்குவது கடினம். கேசட் பக்கம் அதைவிட மோசம்: விஎச்எஸ் கருவிகளைக் கடைசிவரை தயாரித்துவந்த ஃபுனாய் நிறுவனம் 2016 ஜூலையோடு நிறுத்திக்கொண்டது. உங்கள் அலமாரியில் 2000களில் பதிந்த வட்டுகள் இருந்தால், ஒவ்வொன்றாகச் சாதாரண பிளேயரிலோ கணினியிலோ போட்டுப் பாருங்கள். ‘வட்டு இல்லை’ என்று வந்தால் பயப்பட வேண்டாம். அது ஃபைனலைஸ் ஆகாத வட்டாகவோ, விஆர் முறை வட்டாகவோ இருக்கலாம். பதிந்த ரெக்கார்டரோ அதே ரகக் கருவியோ அதைச் சரியாகப் படிக்கலாம். டிவிடி-ஆர் வட்டின் பதிவு தங்கியிருப்பது சாயப் பூச்சில், வெயிலும் சூடும் அதற்கு ஆகாது. ரெக்கார்டர் இன்னும் உயிரோடு இருந்தால் அதைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள். முடிக்காமல் விட்ட வட்டை ஃபைனலைஸ் செய்ய அதற்கு ஆகப்போவது சில நிமிடங்கள்.