பண்டிகைக் கள்ளிகள்

பண்டிகைக் கள்ளிகளின் பூர்வீகம் தென்கிழக்கு பிரேசிலின் ஈரமான மலைக்காடுகள். அங்கே அவை மரக்கிளைகளிலும் பாறை இடுக்குகளிலும் தொற்றி வளர்கின்றன. இலை போலத் தெரிபவை தட்டையான தண்டுத் துண்டுகள். அவற்றின் விளிம்பே இனம் காட்டும். நவம்பரில் பூக்கும் தேங்க்ஸ்கிவிங் கள்ளிக்கு நண்டுக் கொடுக்கு போன்ற கூரிய பற்கள், மகரந்தப்பை மஞ்சள். கடைகளில் கிறிஸ்துமஸ் கள்ளி என்று விற்பதும் பெரும்பாலும் இதுவே. 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் கலப்பினமாகப் பிறந்த அசல் கிறிஸ்துமஸ் கள்ளியின் விளிம்பு மழுங்கி வளைந்திருக்கும். மகரந்தப்பை ஊதா கலந்த பழுப்பு. பூ கீழ்நோக்கித் தொங்கும். வசந்தத்தில் மலரும் ஈஸ்டர் கள்ளியின் துண்டு நுனியில் மெல்லிய மயிர்கள் உண்டு. பூ அழகிய நட்சத்திர வடிவில் இருக்கும்.

தேங்க்ஸ்கிவிங், கிறிஸ்துமஸ் கள்ளிகள் மொட்டு வைக்க நீண்ட இரவு வேண்டும். செப்டம்பர் கடைசியிலிருந்து சுமார் 6 வாரம், தினமும் 13 மணி நேரமாவது விளக்கொளி படாத முழு இருட்டும் 15 முதல் 20 டிகிரி செல்சியஸ் வெப்பமும் தர வேண்டும். அப்போது தண்ணீரைக் குறைக்கலாம். மண் முற்றிலும் காயக் கூடாது. பகலில் நேர்வெயில் படாத வெளிச்சம் போதும். மொட்டு வந்தபின் தொட்டியை இடம் மாற்றினாலோ, ஹீட்டர் காற்று பட்டாலோ மொட்டுகள் உதிரும். கவனித்து வளர்த்தால் ஒரே செடி பல பத்தாண்டுகள் பூக்கும்.